கீழே இறங்கிய கோடு

2071 மார்ச் 4, காலை 7.10
நிலாவின் தென்முனை, பனித்துளை நிலையம். பணியில் இருப்பவன் நான் ஒருவன்தான்: சூசை மைக்கேல், துளையிடும் பொறியாளர். எந்திரம் நன்றாக ஓடுகிறது. எனக்குத்தான் இடுப்புக்கு மேலே வலி. எடை குறைந்த இடத்தில் முதுகெலும்பு நீளும், வலிக்கும். இங்கே வந்த எல்லோருக்கும் உண்டு. தைலம் தேய்த்தேன். நான் வளர்ந்து திரும்பினால் அண்ணாந்து பார்த்துச் சண்டை போட முடியாதாம், என் மனைவி ரோஸ்லினுக்கு அதுதான் கவலை.

ஏப்ரல் 19, மாலை 6.40
ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் குறைவு, சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பூமியிலிருந்து டாக்டர் பொற்கொடி பார்த்தார். நிலாவில் எல்லோருக்கும் ரத்தம் குறையும், எலும்பு கரையும், உடற்பயிற்சியைக் கூட்டுங்கள் என்றார். கூட்டினேன். வலியும் கூடியது. எரிச்சலாக வருகிறது.

மே 2, காலை 8.00
மாதாமாதம் சுவரில் உயரக் கோடு போடுவது இங்கே வழக்கம். முன்பு இருந்தவர்களின் கோடுகள் எல்லாம் மேலே ஏறியிருக்கின்றன. என்னுடையது இறங்கியிருக்கிறது. மறுபடி நின்று பார்த்தேன், அதே இடம். பொற்கொடியிடம் சொன்னேன். உடனே மறுபடி ரத்தம் எடுத்து, வேறொரு சோதனைக்குப் பரிசோதனைப் பெட்டியில் வையுங்கள் என்றார்.

மே 3
எலும்பு மஜ்ஜையில் ரத்தப் புற்றுநோய். முதுகெலும்பை அரித்துவிட்டது.

"சூசை அண்ணே, ஊர்ல ஒருத்தர் இதே வலின்னு வந்திருந்தா அப்பவே இந்த டெஸ்ட்ட எடுத்திருப்பேன். நீங்க மேல இருக்கீங்கன்னு விட்டுட்டேன்."

பொற்கொடி அழுதார். நானும் அழுதேன். மருந்து இருக்கிறதாம், பல வருடம் வாழலாமாம். அதற்கு நான் பூமிக்குப் போக வேண்டும். பூமிக் காற்றில் விண்கலம் இறங்கும்போது உடம்பு பல மடங்கு கனக்கும். முதுகு உடைந்தால் நடை போய்விடும்.

மே 9
ரோஸ்லினிடம் சொன்னேன். கத்துவாள் என்று பயந்தேன், கத்தவில்லை.

"நடக்க முடியாட்டா நான் தூக்கிக்கிடுதேன். நீங்க வந்து சேருங்க."

அரிசி மூட்டையையே என்னைத் தூக்கச் சொல்பவள். போகிறேன்.

அடுத்து இங்கே வருபவரே, உங்களுக்கும் முதுகு வலிக்கும். இந்த இடத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ரத்தத்தை முழுசாகச் சோதித்துப் பாருங்கள்.

மே 13, விண்கலத்திலிருந்து, குரல் பதிவு
காற்றுக்குள்ள வந்தாச்சு. கனம் ஏறுது. மாதாவே.

முதுகுல ஒரு சத்தம். சத்தம்தான். வலி இல்ல.

கால அசைக்கேன். அசையுதான்னு தெரியல.

ஜன்னல்ல கடல். ரோஸ்லின், கடல் தெரியுது புள்ள. கால் இருக்கது தெரியல. நீ தூக்கத்தான் வேணும்.