கரையோரத்து ஏழு புள்ளிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் துணி காயப்போடும் வேலை இப்போது என் தலையில். போனில் பேசினால் பாதியிலேயே சரிப்பா, சரிப்பா என்று முடித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசி வரை படி.

நீ சொன்னபடியே திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு, உங்கள் செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேலே போகும் நேரத்தில், நான் வேலை பார்க்கும் ஐஸ் பேக்டரியின் மொட்டைமாடியில் நின்றேன். ஒரே மேகமூட்டம், ஆனால் ராடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை என்று நீ சொல்லியிருந்ததால் கவலைப்படவில்லை. கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் தெரிவதையெல்லாம் எழுதச் சொன்னாய், எழுதினேன்: மூன்று படகு, நான்கு பாறை. காலங்கார்த்தாலே யாருக்கு ஐயா உளவு பார்க்கிறீர்கள் என்று வாட்ச்மேன் கேட்டார், என் பெண்ணின் கம்ப்யூட்டருக்கு என்றேன், அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். அந்தக் கம்ப்யூட்டர் ராடார் படத்தில் விழுந்த ஏழு புள்ளிகளையுமே படகு என்று குறித்திருப்பதை நேற்று காட்டினாய். நாலு தப்பாகிவிட்டது, கரையோரப் பட்டையையே படத்திலிருந்து வெட்டிவிடலாம் என்கிறார் உங்கள் மேலாளர், அடுத்த வாரம் வியாழக்கிழமை கூட்டத்தில் நானும் தலையாட்டப் போகிறேன் என்றாய். தலையாட்டாதே.

உன்னிடம் மறைக்கத்தான் நினைத்தேன், இனி முடியாது. அந்த மூன்று படகில் ஒன்று உன் தம்பியுடையது, உன் படத்தில் ஐந்தாவது புள்ளி. எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் பாறைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, அவன் துடுப்பை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் இறங்கி ஓடி ஆள் அனுப்புவதற்குள் எஞ்சின் எப்படியோ கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்தவனைக் கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, லேசா மக்கர் பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அம்மாவுக்குத் தெரியாது, நீயும் மூச்சு விடாதே. வருங்காலத்தில் மீட்புப் படகுக்காரர்கள் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் கிளம்பப் போகிறார்கள் என்று நீதானே சொன்னாய். பெரிய கப்பலைக் கண்டுபிடிக்க இவ்வளவு படிப்பு எதற்கு, அது எங்கள் மாடியிலிருந்தே தெரியும். சின்னப் படகு மாட்டிக்கொள்வதெல்லாம் கரையோரத்தில்தான்.

பாறை ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த நாலும் கடல் வற்றும்போது தலைகாட்டும், ஏறும்போது முழுகிவிடும், ஆனால் இடம் மாறாது. வற்றிய நேரத்துப் படங்கள் பத்துப் பதினைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார், எப்போதும் ஒரே இடத்தில் நிற்பது கல், அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடு. துறைமுக ஆபீசில் கேட்டு மூன்று மாதத்துக்கான ஏற்ற வற்ற நேரங்களை இதோடு வைத்திருக்கிறேன். கணக்கு தப்பினால் பக்கத்தையே கிழித்துப்போடும் புத்தி உனக்குச் சின்ன வயதிலேயே உண்டு, அடுத்த பக்கத்தில் சரியாகப் போட்டுவிடுவாய் என்பதும் எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. வியாழக்கிழமையை மறந்துவிடாதே, எழுந்து நின்று பேசு. வெட்டிப்போடும் அந்தப் பட்டைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று மேலாளர் கேட்டால், என் தம்பி இருக்கிறான் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா