அக்கா என்று கூப்பிட்டவன்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கு நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

போன மாதம் பல் வைத்தியத்துக்காக, சம்பளத்தின் பேரில் கடன் தரும் கம்பெனியில் கொஞ்சம் வாங்கினேன். உங்களிடம் சொல்லவில்லை. மொத்தமாகக் கட்ட முடியாமல் தவணை கேட்டேன். இந்த வெளிநாட்டிலும் போனில் பேசியவன் தமிழன். "கவலைய விடுங்கக்கா, மாசாமாசம் கொஞ்சமா எடுத்துக்கச் சொல்றேன்" என்றான். அலுவலகத்தில் எழுத்தில் இல்லாத எதையும் ஏற்காத நான், அக்கா என்றவனிடம் எழுதித் தரச் சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். சம்பளம் வந்த அன்றே என் வங்கிக் கணக்கிலிருந்து முழுக் கடனையும் வட்டியோடு எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டதற்கு, "அது மேலிடத்து முடிவு மேடம்" என்றான். அதற்குள் நான் மேடம் ஆகிவிட்டேன்.

புகார் எழுதியிருக்கிறேன். பெரிய நம்பிக்கை இல்லை. என் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்த முறை அனுப்ப வழியில்லை. உங்கள் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். எழுதவே கூசுகிறது.

மகளை எதையாவது பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் மிக்சி ஓடினாலும் பரவாயில்லை.

பஸ் வரும் நேரம். அண்ணன் காரணம் கேட்டால் மழுப்ப வேண்டாம். ஏமாந்தது நான் என்றே சொல்லுங்கள், நீங்கள் அவர் முன் தலைகுனிய வேண்டாம்.

உங்கள் மனைவி