பலகையில் ஏறாத 5.84

ஹர்யுலா, ஃபின்லாந்து
ஆகஸ்ட் 14

அன்பு மகள் சைலாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம், அவளுடைய முட்டிவலி மட்டும் தன் பாட்டுக்கு இருக்கிறது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஊர்க் குளிர்காலத்துப் பதினெட்டு டிகிரிக்கே கம்பளி போடுகிறவள் என் வயிற்றில் பிறந்தவளா என்று அம்மா கேலி செய்கிறாள். இந்த வருஷம் தோட்டத்தில் ஒரு உருளைக்கிழங்கு எண்ணூறு கிராம். "எழுதி வைங்க, இது நம்ம வீட்டுச் சாதனை" என்று தராசோடு தூக்கிக்கொண்டு வந்தாள். நம் ஊரில் பெரிய மீன் பிடித்தாலும் சாதனை, சவுனா நீராவி அறையில் கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலும் சாதனை. நீ மட்டும் பத்தொன்பது வயதுக்குப் பிறகு அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. அதற்குக் காரணம் நான்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் விளையாட்டுச் சங்கச் செயலாளர் தோய்வோ வந்தார். அவர் பேத்தி நீளம் தாண்டுதலில் 5.80 மீட்டர் தாண்டிவிட்டாளாம், சங்கத்தின் சாதனையாக இருந்த மார்க்கெட்டாவின் பழைய 5.78 போயிற்று. மைதானத்துக் காப்பிக் கடைச் சாதனைப் பலகையில் பெயர் எழுதுவது என் வேலைதானே. "உன் கையெழுத்துதான்யா அழகு, சீக்கிரம் எழுதிக் குடு" என்றார். தூரிகையை எடுத்தேன், கை ஓடவில்லை.

உன் பத்தொன்பது வயதில் நீ 5.84 தாண்டினாய். காற்றுமானிப் பக்கம் உட்கார்ந்திருந்த நான், பின்காற்று வினாடிக்கு 2.4 மீட்டர் என்று தாளில் எழுதினேன். பின்காற்று இரண்டைத் தாண்டிவிட்டால் எவ்வளவு தூரம் குதித்தாலும் சாதனை ஆகாது. சைலா, அன்று நான் காற்றுமானியைப் பார்க்கவே இல்லை. நீ ஓடத் தொடங்கியதும் என் கண் உன் பின்னாலேயே வந்துவிட்டது, நீ மணலிலிருந்து எழுந்த பிறகு திரும்பினால் எண் அணைந்திருந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். குறைத்து எழுதினால் அப்பன் மகளுக்குச் சலுகை காட்டிவிட்டான் என்று ஊர் பேசுமே என்று பயம். கூட்டி எழுதிவிட்டேன். நேர்மையானவன் என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள், நானும் தட்டட்டும் என்று விட்டேன். நீயோ "காத்துதானேப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். அதோடு ஸ்பைக் ஷூவைப் பரணில் போட்டவள்தான், இருபத்திரண்டு வருஷமாகிறது.

நேற்று தோய்வோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காப்பியைக் கலக்கிக்கொண்டே, "அப்ப நெசமா காத்து எவ்வளவுய்யா?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாததை எப்படிய்யா பலகையில ஏத்துறது?" என்றார். அவர் பேத்தியின் பெயரை எழுதிவிட்டு வந்தேன், அந்தப் பிள்ளை என்ன செய்யும். இனி என்னைக் காற்றுமானிப் பக்கம் உட்கார வைக்க மாட்டார்கள், அதுவும் சரிதான்.

மன்னிப்புக் கேட்க முகமில்லாமல்தான் கேட்கிறேன், மகளே. காற்றைத்தான் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். கோட்டுக்கு நாலு விரல் பின்னாலேயே நீ எழும்பிவிட்டாய். அளப்பது கோட்டிலிருந்துதான், நீ உண்மையில் தாண்டியது 5.84-க்கும் மேல். அது இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆண்டவர் உங்கள் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ண மறந்துவிடாதே. நான் எடுத்தால் வைத்துவிடாதே.

உன் அப்பா,
ஆர்வி