என் ஏழு எட்டு

1873 மே 6, ஸ்கிப்டன்
மழை. எங்கள் சர்க்கஸ் ஊர்வலத்தில் யானை பாதிரியார் வீட்டு முட்டைக்கோஸைத் தின்றுவிட்டது. ஞாயிறு பிரசங்கத்தில் எங்களைத் திட்டப்போகிறாராம். திட்டட்டும், இலவச விளம்பரம்.

கால் பெருவிரலில் கீல்வாதம், வலியில் உயிர் போகிறது. ஆனாலும் ஆட்ட வட்டத்தை நான்தான் அளந்தேன். எந்த சர்க்கஸிலும் குறுக்களவு நாற்பத்திரண்டு அடி. குதிரைகள் பழகுவது அதற்குத்தான். மற்ற முதலாளிகள் நடுவில் முளையடித்துக் கயிறு பிடித்து அளப்பார்கள். எனக்கு எதற்குக் கயிறு? நடுவிலிருந்து என் காலால் ஏழு எட்டு, ஒவ்வொரு எட்டும் மூன்றடி. முப்பது வருடமாகப் பிசகியதில்லை.

மே 9, செட்டில்
குதிரை ஜூனோ தாளம் தப்புகிறது. அதன் முதுகில் நின்றிருந்த என் மகள் செலினா தடுமாறினாள். வாத்தியக்காரர்களைத் திட்டினேன். லாயக்காரனையும் திட்டினேன். யாருக்கும் ரோஷமே இல்லை.

"அது உள்பக்கமா சாயுதுப்பா. இடம் பத்தாம தவிக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள் செலினா. குதிரைக்குக் கொழுப்பு, வேறென்ன?

மே 13
கோமாளி கிராப்ட்ரீ வந்து நிற்கிறான். "ஒரு தடவ கயிறு புடிச்சுப் பாத்துருவோமா, முதலாளி?" கோமாளி எனக்குத் தொழில் சொல்லித் தருகிறான்! போய் மூக்குக்குச் சாயம் பூசு என்றேன்.

மே 17
செலினா விழுந்துட்டா. எலும்பு முறியல, தோள் மட்டும் வீங்கியிருக்கு. மண்ணுல கிடந்தவள பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல — பாழாப்போன குதிரை.

மே 19
ஜூனோவை ஸ்விண்டலின் சர்க்கஸுக்கு விற்றுவிட்டேன். எதிரிக்குத்தான் விற்றேன், அங்கே போய் அவன் மானத்தை வாங்கட்டும். குட்டியிலிருந்து அதை வளர்த்தவள் செலினா. என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஜூன் 2
புதுக் குதிரையும் உள்ளே சாய்கிறது. எல்லாம் சேர்ந்து சதி செய்கின்றனவா?

ஜூன் 4
செலினா லங்காஸ்டருக்குப் போய் ஸ்விண்டலின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அங்க ஜூனோ ஒரு தப்பும் பண்ணலப்பா. அதுக்கு ஒண்ணுமே இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். எல்லோரும் சாப்பிடப் போனபின் தனியாகக் கயிறு பிடித்தேன். முப்பத்தெட்டரை அடி. மறுபடி பிடித்தேன். முப்பத்தெட்டரைதான். கீல்வாதக் காலால் நொண்டிக்கொண்டு வைத்த எட்டு, எப்படி முழு எட்டாகும்? இது தெரியாத நான் ஒரு முதலாளியா?

ஜூன் 5
ஸ்விண்டலிடம் போய் ஜூனோவைத் திருப்பிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். தர மாட்டானாம், அதன்மேல் சவாரி செய்யத்தான் அவனுக்கு ஒரு ஆள் வேண்டுமாம்.

வந்து செலினாவிடம் சொன்னேன். தப்பு என்னுது என்றும் சொன்னேன். "தெரியும்ப்பா" என்றாள். பிறகு பெட்டியை எடுத்து வைத்துத் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

ஜூன் 21, லங்காஸ்டர்
ஸ்விண்டலின் கூடாரத்தில் சீட்டு வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தேன். செலினா ஜூனோவின் மேல் நின்றபடி மூன்று சுற்று வந்தாள். ஒரு அடி பிசகவில்லை. அழகாக இருந்தது.

பக்கத்திலிருந்த கசாப்புக்காரர் யார் அந்தப் பெண் என்று கேட்டார். என் மகள், எனக்கும் சர்க்கஸ் இருக்கிறது என்றேன்.

"அப்புறம் ஏன் இங்க ஆடுறா?" என்றார்.

நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.