சாலைக்கு இந்தப்பக்கத்துத் திராட்சை

உன் மகள் கொண்டுவந்த பாட்டில் என் மேசைமேல் இருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாளுக்குத் தளிகை நடக்கும் வீட்டில், ஒயின். நீ இருந்தால் சிரித்திருப்பாய். நான் அதைத் திறக்கப்போவதில்லை. கண்ணாடி போட்டு லேபிளை மட்டும் படித்தேன். லாங்கே என்று இருக்கிறது. பரோலோ என்று இல்லை.

ஏன் இல்லை என்பதை நீயே ஒருமுறை வந்தபோது சொன்னாய். வட இத்தாலியில் உங்கள் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சாலை. அந்தப்பக்கம் விளைந்தால் பரோலோ, உலகமே தேடி வாங்கும் ஊர்ப் பெயர். இந்தப்பக்கம் விளைந்தால், அதே கொடி, அதே வெயில் என்றாலும், வட்டாரத்துக்கே பொதுவான லாங்கேதான். சட்டம் அப்படி. எதிர்த்தோட்டத்துக்காரர் உங்கள் பழத்தை ரகசியமாகத் தன் பழத்தோடு சேர்த்துக்கொள்ளக் கேட்டாராம். உன் வீட்டுக்காரர் தயங்கினார், நீ மறுத்துவிட்டாய்.

"எங்க பழத்துக்கு அவங்க ஊர் பேரு எதுக்குடி?"

நாம் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் சொந்த ஊர் கேட்டபோது, கிராமத்துப் பெண்கள் எல்லாரும் காஞ்சிபுரம் என்றார்கள். நீ மட்டும் கூரம் என்றாய். வகுப்பே சிரித்தது. நீ இன்னும் உரக்கச் சொன்னாய்.

நேற்று உன் மகளை அந்தக் கூரத்துக்கு அழைத்துப் போனேன். உன் அண்ணன் நாற்காலி போட்டார், காபி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். நீ வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்ட நாளில் அவர் சொல்வதை நிறுத்திய உன் பெயரை, நீ இறந்த பிறகும் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள். உன் கல்லறையில் பிறந்த ஊரைப் பொறிக்க வேண்டுமாம். அவள் பேசுவது அப்படியே உன் தமிழ்.

"அம்மா கூரம் கூரம்னு சொல்லிக்கினே இருந்தாங்க ஆன்ட்டி. அந்த வீட்டப் பாத்தப்புறம் எனக்கு மனசு வரல. காஞ்சிபுரம்னே போட்டுடலாமா? மாவட்டம் அதுதானே, பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். போட்டால் நீ என் ஊர்க்காரியாகவும் ஆகிவிடுவாய். எனக்கு அந்த ஆசை இருந்தது.

"கூரம்னு போடும்மா" என்றேன்.

அவள் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை 'டி' போட்டுப் பேசியவள் நீ ஒருத்திதான். இப்போது எல்லாரும் மரியாதையாகவே பேசுகிறார்கள்.