தண்ணீர் குடிக்க மறுத்த நாலாம் நம்பர் துணி

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கம்பெனிக்கு வண்டியில் போனேனா, படகில் போனேனா என்பதைச் சரித்திரம்தான் முடிவு செய்ய வேண்டும். மதியம் தக்காளிச் சாதம். உப்பு இல்லை.

அக்கா மகள் தாரணிக்கு (இனி தா.; பேனாவில் மை கம்மி) சனிக்கிழமை பள்ளியில் அறிவியல் போட்டி. ஏழாம் வகுப்பு. சொந்தக் கையால் சோதனை செய்து காட்ட வேண்டும். இரண்டு பேருக்கு மட்டும் மாவட்டப் போட்டி. போன வருஷம் மூன்றாவதாக வந்துவிட்டு ஒரு வாரம் சுவரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். இந்த முறை போயே ஆக வேண்டுமாம்.

அவள் கேள்வி: எந்தத் துணி தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும்? அவள் ஊகம்: கனமான துணி.

துணி யாரிடம் கேட்டாள்? என்னிடம். துணியைக் கடைசியில் சரிபார்க்கும் ஃபினிஷிங் செக்கர், பனியன் உலகச் சக்கரவர்த்தி, தடவிப் பார்த்தே துணிக்கு ஜாதகம் கணிப்பவன்.

கொண்டுபோனவை:
1, 2, 3 – வெளுத்து வந்த சாதாத் துணி. மெல்லிசு, நடுத்தரம், கொஞ்சம் கனம்.
4 – இருப்பதிலேயே கனம். கடைசியாக, துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர் தொட்டியில் குளித்து வந்தது. பக்கத்தில் வைத்தால் கைக்குழந்தையின் கன்னம்கூடச் சொரசொரப்பு. மருமகளுக்கு மட்டமானதையா கொடுப்பது?

நவம்பர் 13, வியாழன்

தூறல். இடது செருப்பு அறுந்தது.

அக்கா வீட்டில் சோதனை. மருந்துக் குப்பி ஃபில்லரில் ஒரு சொட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச். 1, 2, 3 வரிசையாகக் குடித்தன. கனம் கூடக் கூட வேகம். தா. முகத்தில் ஆயிரம் வாட் பல்பு. நாலாம் நம்பரில் சொட்டு விழுந்தது. விழுந்து, முத்து மாதிரி உருண்டு நின்றது. இரண்டு நிமிஷம். அசையவில்லை.

"மூணு தடவ பண்ணீட்டேன் மாமா. மூணு தடவையும் நிக்குது."

"ரெண்டு நிமிசத்த ரெண்டு செகண்டுன்னு எழுதிரு கண்ணு. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்லீங்க?"

அக்கா அடுப்படியிலிருந்து: "டேய், அவளக் கெடுக்காத. கையக் கட்டீட்டு உக்காரு."

உட்கார்ந்தேன். தா. ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரம் குறித்தாள். சார்ட்டில் பெரிதாக எழுதினாள்: "நாலாவது துணி குடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை."

தெரியவில்லை என்று எழுதி யாராவது ஜெயித்ததுண்டா? சாப்பாடு இறங்கவில்லை. (ஆறு தோசையோடு நிறுத்திக்கொண்டேன்.)

நவம்பர் 14, வெள்ளி

எங்கள் கம்பெனியில் ஒரு துணி தப்பு செய்தால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஒரே மருந்து: ரீவாஷ். மறுபடி கொதிக்க வை, மறுபடி அனுப்பு, பாஸ்.

சாயங்காலம் அதே ரோலிலிருந்து இன்னொரு நாலாம் நம்பர் வெட்டினேன். வீட்டில் சோடாவும் சோப்புத்தூளும் போட்டு ஒரு மணி நேரக் கொதி. காயவைத்து இஸ்திரி. சொட்டு விட்டேன். ஒரு செகண்டு. பாலைவன ஒட்டகம் தோற்றது!

அக்கா வீட்டுக்குப் போய், தா. குளிக்கும் நேரம் பார்த்து அவள் பையில் துணியை மாற்றி வைத்தேன். அவள் ஊகம் ஜெயிக்கும். மாவட்டம் நிச்சயம். என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன், கை எட்டவில்லை.

நவம்பர் 15, சனி

வெயில். எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பள்ளி ஹால். பக்கத்து மேசையில் ஒரு எரிமலை. அதன் அப்பா யாரையும் கிட்டே விடவில்லை. நடுவர் ஒரு கெமிஸ்ட்ரி மிஸ். மிஸ் அந்த அப்பாவிடம் கேட்டார், "ஏனுங்க, போட்டில பையன் இருக்கறானா, நீங்க இருக்கறீங்களா?" நான் சத்தமாகச் சிரித்தேன். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

தா. மேசைக்கு வந்தார். "நாலாவத செஞ்சு காட்டு சாமி."

சொட்டு விழுந்தது. காணாமல் போனது.

"நோட்டுல ரெண்டு நிமிசம்னு இருக்குது?"

தா. துணியை எடுத்து விரலுக்கு நடுவில் தேய்த்தாள். "இது என் துணி இல்லீங்க மிஸ்."

மிஸ் முகம் மாறியது. பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். தா.வின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. தூண் பக்கம் நின்ற சக்கரவர்த்தி வெளியே வந்தார்.

"நான்தானுங்க மாத்துனேன். கொதிக்க வெச்சு. பாப்பாவுக்குத் தெரியாதுங்க."

ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அக்கா பார்க்கவே இல்லை. அதுதான் மோசம்.

"பெரியவங்க கை வெச்சா பேர எடுத்தறோணும்னு விதி," என்று மிஸ் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிசம் மிஸ்." தா. என் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "மாமா, கொதிக்க வெச்ச தண்ணி எப்படி இருந்துச்சு?"

"வழவழன்னு."

"கம்பெனில இதுக்கு மட்டும் என்ன போட்டாங்க?"

"சாஃப்ட்னர். மத்த மூணுக்கும் போடல."

இத்தனை வருஷம் அந்தத் துணியைத் தடவியிருக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்ததில்லை.

தா. நோட்டில் ஒட்டியிருந்த பழைய நாலாம் நம்பர் துண்டைப் பிய்த்து, என் துணிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு. ஒன்று முத்து. ஒன்று மாயம்.

"ஒரே துணிங்க மிஸ். இதுல சாஃப்ட்னர் இருக்குது, அதுல கொதிச்சுப் போயிருச்சு. அப்ப தண்ணிய நிறுத்துனது மேல இருக்கற பூச்சு. கனம் இல்லீங்க. என் ஊகத்த இதுல சோதிச்சதே தப்பு."

மிஸ் குனிந்து இரண்டு துணியையும் தொட்டுப் பார்த்தார். "உங்க மாமா பண்ணுனது தப்பு. ஆனா கேள்வி உன்னுது. ஊட்ல அலசுனா அந்தப் பூச்சு எத்தன அலசல்ல போகும்? உன் கையால செஞ்சு திங்கக்கிழம காட்டு. செஞ்சிருந்தா மாவட்டத்துக்கு ரெண்டாவது பேரு உன்னுது." என்னைப் பார்த்தார். "நீங்க தள்ளி நில்லுங்க."

வண்டியில் வீட்டுக்கு வந்தோம். தா. இறங்கும்போது: "நாளைக்கு ரெண்டு துண்டு கொண்டாங்க மாமா. கொதிக்க வெக்காதது."

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், காற்று. துணி காய நல்ல நாள். அக்கா இன்னும் என்னிடம் பேசவில்லை. காபி மட்டும் வந்தது. சர்க்கரை இருந்தது. நல்ல சகுனம்.

எனக்குத் தா. போட்ட சட்டம்: ஃபில்லரைத் தொடக் கூடாது. துணியைத் தொடக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. வாளி தூக்கலாம்.

முதல் துண்டு. பச்சைத் தண்ணீர், சோப்பு, அலசல், காயவைத்து, சொட்டு.
அலசல் 1 – நிற்கிறது. 2 – நிற்கிறது. 3 – நிற்கிறது.
4 – லேசாகப் பரவுகிறது.
5 – ஐம்பது செகண்டு.
6 – பதினெட்டு.
7 – குடித்துவிட்டது!

நான் குதித்ததில் பக்கத்துத் தெரு தறியெல்லாம் நின்றிருக்கும். தா. குதிக்கவில்லை. எழுதினாள்.

"முடிஞ்சுது, மாவட்டம்!" என்றேன்.

"ஒரு துண்டுதான மாமா. ரெண்டாவதுக்கும் ஏழுதான் வருமான்னு பாக்கோணும்."

வாளி தூக்கினேன். பதினாலு வாளி. முதுகெலும்பு உலக வரைபடம் மாதிரி ஆகிவிட்டது.

மணி நாலரை. இரண்டாம் துண்டு, ஆறாவது முடிந்தது: இருபது செகண்டு. ஏழாவது காய்ந்துவிட்டது. அக்காவும் அடுப்படியிலிருந்து வந்து நிற்கிறாள். "தள்ளுடா, மறைக்காத." பேசிவிட்டாள்!

தா. ஃபில்லரை எடுக்கிறாள். பேனாவை மூடுகிறேன், பார்க்க வேண்டும்