காலுக்குத் திரை வேண்டாம்

அக்டோபர் 6, 1957. செங்கல்பட்டு

ஜெசிந்தா வீட்டில் இன்றுதான் பெடலில் கால் வைத்தேன். ஹவாயன் கிடாரை மடியில் போட்டுக்கொண்டு மூன்று வருஷமாக வாசிக்கிறேன். இடது கையில் தந்திமேல் நகர்த்தும் இரும்பு, வலது கையில் மீட்டல், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது வலது காலும் வாசிக்க வேண்டுமாம்! ஜெசிந்தாவின் அண்ணன் தாவீதுக்கு ரயில்வேயில் வேலை. பாட்டுக் குழு ஒன்றும் நடத்துகிறார். கிடாரை ஒலிபெருக்கியோடு சேர்க்கும் ஒயரின் நடுவே மாட்டுகிற அந்தப் பெடல் அவருடையது. கால்விரல் பக்கம் அழுத்தினால் சத்தம் ஏறும், குதிகாலால் அழுத்தினால் இறங்கும். நான் ஒவ்வொரு மீட்டலுக்கும் ஒரு மிதி மிதித்தேன்.

"இன்னா டீச்சர், கன்னுக்குட்டி கத்துற மாதிரி கீது!" என்று சிரித்தார்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர்களில் எனக்கு அவளை மட்டும் பிடிப்பது சும்மா இல்லை.

அக்டோபர் 13

புடவைக் கொசுவம் பெடலில் மாட்டிக் கிழிந்தது. இனிமேல் இழுத்துச் செருகிக்கொண்டுதான் உட்காருவேன்.

அக்டோபர் 28

சத்தமில்லாமல் காலை மட்டும் பழக்கலாமென்று பெடலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணா கோர்ட்டிலிருந்து வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"வாத்தியத்தைக் காலால மிதிக்கறயா வல்லி? சரஸ்வதிடீ அது!"

"பஜனையில நீ கால் ஆர்மோனியம் மிதிக்கறயே, அது யாராம்?"

"அது வேற."

என்ன வேற? அதில் காற்று, இதில் கரண்ட். ஆம்பிளை மிதித்தால் பக்தி, பொம்மனாட்டி மிதித்தால் பாவமா? வாய்விட்டே கேட்டேன். மன்னி அடுப்படியை விட்டு வரவே இல்லை.

"இந்தாத்துல நீ இருக்கணும்னா அது இருக்கப்படாது" என்றான் அண்ணா.

சரி. கிடார், பெடல், நாலு புடவை. ஜட்காவில் ஏற்றிக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்கு வந்துவிட்டேன். இதைக் கிடார்ப் பெட்டிமேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

நவம்பர் 3

ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நிற்கிறது. நிற்கட்டுமே.

டிசம்பர் 15

இன்று பிடிபட்டது!

மீட்டும்போது சத்தம் அடங்கியே இருக்க வேண்டும். தந்தி அதிர ஆரம்பித்த பிறகு, ஓசை தேயத் தேய, விரல்பக்கம் மெல்ல அழுத்த வேண்டும். மீட்டிய அடி காதில் விழவே இல்லை. ஸ்வரம் தானாக எழுந்து வந்து நிற்கிறது, யாரோ மூச்செடுத்துப் பாடுவதுபோல. இத்தனை நாள் கால் தன் பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கிறது. அது காதுக்கல்லவா கட்டுப்பட வேண்டும்! சஹானா ராகத்தின் ரிஷப ஸ்வரத்தில் நின்றேன். தந்தி ஓய்ந்துகொண்டே வந்தது. கால் அதை விடாமல் தாங்கியது.

"இன்னொரு தபா போடு டீச்சர்" என்றார் தாவீது. சிரிப்பில்லை.

உடனே ஓடிப்போய் அண்ணாவிடம் சொல்லத் தோன்றியது. சீ, என்ன மனசு இது!

பிப்ரவரி 9, 1958

மாசி மகத்தன்று மாமல்லபுரத்தில் தாவீது குழுவின் கச்சேரி. நானும் உண்டு. விழாக் கமிட்டி உலகநாதன் வந்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சரம்மா. பொம்பள நாற்காலில குந்திகினு கால ஆட்டினா ஜனங்க அதத்தான் பாப்பாங்க. முன்னால ஒரு துணி கட்டிடலாம். இல்லாங்காட்டி பெடல் வேணாம்."

"துணி வேண்டாம். பெடல் உண்டு."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

மார்ச் 6

நேற்று மேடை ஏறினால், என் நாற்காலிக்கு முன்னால் ஒரு வேஷ்டி கட்டியிருக்கிறது! குனிந்து முடிச்சை அவிழ்த்து, மடித்து, உலகநாதன் கையில் கொடுத்தேன்.

"காலைப் பாருடா, காலை!" என்று எவனோ கத்தினான். கால் முந்திக்கொண்டு அழுத்திவிட்டது, பொய் சொல்வானேன்? முதல் ஸ்வரமே பிசகி அலறியது. ஒரே சிரிப்பு. நிறுத்தினேன். எழுந்து போய்விடலாமா? ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. பிறகு நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பார்க்கிறவர்கள் நன்றாகவே பார்க்கட்டும்.

சஹானா. சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியாது. கடலின் இரைச்சல் கேட்டபோதுதான் கூட்டம் அடங்கிப்போயிருப்பது தெரிந்தது.

இறங்கும்போது ஒரு மீன்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவுற மாதிரியும் கீது, கூப்புடுற மாதிரியும் கீது, இன்னாமா அது?"

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், கூட்டத்தின் ஓரத்தில், மன்னியும் அண்ணாவும். என்னைப் பார்த்ததும் அண்ணா திரும்பி நடந்துவிட்டான்.

மார்ச் 17

மன்னி பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தாள். "உங்கண்ணா குளிக்கறச்சே நீ அன்னிக்கு வாசிச்சதையே முணுமுணுக்கறார். கேட்டா இல்லேங்கறார்."

மார்ச் 30

அண்ணா வரச்சொல்லி அனுப்பினான். கிடாரும் பெடலும் கூட வரும் என்று சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. ஆனாலும் போனேன்.

பேப்பரிலிருந்து அவன் தலை தூக்கவில்லை. மன்னிதான் கையைப் பிடித்துப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனாள். சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட். சுற்றிலும் பூசிய சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

"அவரே ஆளைக் கூட்டிண்டு வந்து போட்டார், வல்லி."

தொட்டுப் பார்த்தேன். கண் நிறைந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் பின்கட்டு அறை. வருகிறவர் போகிறவர் யார் கண்ணிலும் படாத மூலை.

நாளை கடைத்தெருவில் நீளமான ஒயராக வாங்க வேண்டும். நான் கூடத்தில்தான் உட்காருவேன்.